கட்டைவிரலுக்குப் புது நகம்

போன வருடம் கேஸ் சிலிண்டரை வலது கால் கட்டைவிரலில் போட்டுக்கொண்டேன். நகம் பாதி பெயர்ந்து, மீதி கறுத்துச் சொரசொரவென்று நின்றுவிட்டது. செருப்பு போட்டிருக்கும்வரை கவலையில்லை. பாடலீஸ்வரர் கோயில் வாசலில் அதைக் கழற்றும்போதுதான் சங்கடம். “மருதாணியை அப்பிக்கொள், தெரியாது” என்பது என் மாமியாரின் வைத்தியம்.

அதன் மேல் செயற்கை நகம் ஒட்டிக்கொள்ளப் புதுச்சேரியில் ஒரு பாத மருத்துவரைப் பார்த்தேன். முதல் முறை ஒட்டவே மாட்டேன் என்றுவிட்டார். நகத்தைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பி, பூஞ்சைத் தொற்று இல்லையென்று உறுதியான பிறகே நேற்று வரச் சொன்னார். தொற்றை மூடிவைத்தால் அது உள்ளேயே வளருமாம். நியாயம்தான்.

நேற்று முதலில் நகத்தை ராவினார். தேங்காய் ஓட்டைத் தேய்த்தது போல வெள்ளைத் தூள் பறந்தது. தேன் பதத்தில் இருந்த ரெசின் என்ற செயற்கைப் பிசினை நகம் போல மெல்லப் பூசி, புற ஊதா விளக்கின் கீழே காலை வைக்கச் சொன்னார். சில நிமிடங்களில் இறுகிவிட்டது. துளி வலியில்லை. நடக்கும்போது விரலோடு சற்று வளையவும் செய்கிறது.

“இது ஒப்பனைதான் அம்மா, நகம் தானாகத்தான் வளர வேண்டும்” என்றார். கால் நகம் மாதத்துக்குச் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான் வளருமாம். கட்டைவிரல் நகம் முழுதாக வர 12 முதல் 18 மாதம் ஆகும். ரெசினும் அதோடு முன்னே நகர்வதால் அவ்வப்போது போய்ச் சீர்செய்ய வேண்டும். பஸ் செலவு வேறு!

மாலையில் சில்வர் பீச் மணலில் வெறுங்காலோடு நின்றேன். மாமியார் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “எந்தக் கால்?”