காணாமல் போன 45 பாகை

7.1 மெகாஹெர்ட்சுக்காக வெட்டிய 20 மீட்டர் நீள டைபோல் கம்பியைக் (நடுவில் சைகை ஊட்டும் அரை அலைநீள ஆண்டெனா) கைக்கெட்டும் உயரத்துக்கு இறக்கி, நடுவில் ஒன்றும் அங்கிருந்து 5 மீட்டர் தள்ளி ஒன்றுமாக மின்னோட்டத்தை உணரும் இரண்டு ஃபெரைட் வளையங்களைக் கோத்து, இரண்டின் சைகைகளையும் ஆசிலோஸ்கோப்பில் சேர்த்துப் பார்த்தேன். அரை அலைநீளக் கம்பி முழுவதும் 180 பாகை என்றால் அதன் கால்பங்குக்கு நான் எதிர்பார்த்த 45 பாகைக் கட்ட வேறுபாடு (அலைச் சுழற்சியில் பின்தங்கும் அளவு), அதாவது சுமார் 17 நானோநொடித் தாமதம், அங்கே இல்லை. இரு அலைகளும் ஏறத்தாழ ஒரே கணத்தில் உச்சம் தொட்டன. இரண்டாவதன் உயரம் மட்டும் பத்தில் ஏழு பங்காகக் குறைந்திருந்தது. இரு கேபிள்களின் நீளமும் ஒன்றுதானா என்று அளந்து பார்த்த பிறகே, பிழை என் எதிர்பார்ப்பில்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

கம்பியின் முனைக்கு வரும் மின்னோட்டத்துக்கு அதற்கப்பால் போக்கிடம் இல்லாததால் அலை திரும்பி வருகிறது. நடுவிலிருந்து விலக விலக, செல்லும் அலையின் கட்டம் எவ்வளவு பின்தங்குகிறதோ, திரும்பும் அலையின் கட்டம் அவ்வளவு முந்தியிருக்கிறது. இரண்டும் கூடும்போது கட்ட மாற்றம் அழிந்து, தூரத்தின் கோசைனாக மாறும் வீச்சு மட்டும் எஞ்சுகிறது. 45 பாகையின் கோசைன் 0.707. நான் தேடிய 45 பாகை அலையின் உயரத்தில்தான் ஒளிந்திருந்தது. கதிர்வீச்சால் திரும்பும் அலை சற்று வலுவிழப்பதால், உண்மையான கம்பியில் முனையை நோக்கிச் சில பாகை நகர்வு இருக்கவே செய்யும்.

வாகனங்களில் பொருத்தும் குட்டை ஆண்டெனாவை ஒத்திசைக்கச் சேர்க்கும் லோடிங் சுருள் பற்றி ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நண்பர்களிடையே ஓயாமல் நடக்கும் வழக்கில், சுருளின் இரு முனைகளிலும் மின்னோட்டக் கட்டம் ஒன்றே என்பதால் சுருளுக்குள் தாமதமே இல்லை என்று ஒரு தரப்பு வாதிடுவதுண்டு. தாமதம் நிச்சயமாக உள்ள 5 மீட்டர் நேர்க்கம்பியிலும் அதே அளவீடு வேறுபாட்டைக் காட்டவில்லை என்பதால், இந்தச் சான்று செல்லாது என்பதே என் கருத்து. அதற்காக, கம்பியின் நீளம் குறைந்ததால் இல்லாமற்போன பாகைகளைச் சுருள் அப்படியே ஈடுசெய்கிறது என்ற மறுதரப்பின் கூற்று இதனால் நிறுவப்பட்டுவிடாது.

முனையில் தகுந்த மின்தடை வைத்துத் திரும்பும் அலையை விழுங்கிவிடும் பெவரேஜ் ஆண்டெனாவில் கட்டம் நீளத்தோடு சீராக மாறுகிறது. செல்லும் அலையும் திரும்பும் அலையும் கூடும் நிலை அலைக் கம்பியில் அப்படியின்றி, மின்னோட்டம் சுழியாகும் கணுவைத் தாண்டியதும் ஒரேயடியாக 180 பாகை புரள்கிறது. மார்க்கோனி நிறுவனத்தின் பொறியாளர் ஃபிராங்க்ளின் தம் ஆண்டெனாவில் ஒவ்வோர் அரை அலைநீளத்துக்கும் இடையே கம்பியை மடித்து வைத்தது, அடுத்தடுத்த பகுதிகளை ஒரே கட்டத்துக்குக் கொண்டுவரத்தான்.