பூத்த மிளகாய்ச் செடியில் மஞ்சள் இலை

மார்ச் 3, செவ்வாய்
சில்லி பாடி என்ற சின்னக் கார மிளகாய்ச் செடிகள் இரண்டும் பூவெடுத்துவிட்டன. தண்டு இரண்டாகப் பிரியும் கவட்டில் முதல் மொட்டு, அதற்கு மேல் ஒவ்வொரு கணுவிலும் ஒன்று. சிங்கப்பூர் வீட்டுக்குள் எல்இடி விளக்கின் கீழ், மண்ணே இல்லாமல், தனித்தனி உரத்தண்ணீர் வாளியில் வேர் தொங்க வளர்பவை. இந்த நேரம் பார்த்துப் பெரிய செடியின் அடி இலைகள் மஞ்சளிக்கின்றன.

உரப் புட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: முதலில் மஞ்சளித்தது கீழ் இலையா, மேல் இலையா? நைட்ரஜன், மெக்னீசியம், பொட்டாசியம் மூன்றும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும், அதனால் கீழேதான் முதலில் தெரியும். இரும்பும் கால்சியமும் போன இடத்திலேயே தங்கிவிடுபவை. அவை குறைந்தால் கொழுந்துதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

மார்ச் 4, புதன்
ஓர் இலையைக் கிள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடு நரம்பும் கிளை நரம்புகளும் பச்சை மாறாமல் இருக்கின்றன. இடைப்பட்ட சதை மட்டும் எலுமிச்சை நிறம். காம்புப் பக்கம் இன்னும் பச்சை, ஓரமும் நுனியும்தான் அதிகம் வெளுத்திருக்கின்றன. நைட்ரஜன் குறைந்திருந்தால் நரம்போடு சேர்த்து இலை முழுக்க ஒரே சீராக வெளிறும். பொட்டாசியம் என்றால் ஓரம் தீய்ந்து பழுப்பாகும். ஆக, சந்தேகம் மெக்னீசியத்தின் மேல்.

ஆனாலும் பூச்சி இல்லை என்று உறுதி செய்யாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. இலைக்குக் கீழே வெள்ளைத்தாள் பிடித்துத் தட்டினேன். நகரும் புள்ளி எதுவும் விழவில்லை. இலையின் அடிப்பக்கத்தைக் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன், வலையும் இல்லை, ஊசி குத்தியது போன்ற பொட்டுகளும் இல்லை. சிலந்திப்பேன் இல்லை என்று நிம்மதி.

மார்ச் 6, வெள்ளி
பெரிய செடியின் வாளியில் பிஎச் (அமில-காரத்தன்மை அளவு) 6.1, ஈசி (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்தும் அளவு) 2.1. இரண்டும் மிளகாய்க்குச் சரியான அளவுதான். பிஎச் 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருந்தால் எல்லாச் சத்தும் வேருக்குக் கிடைக்கும். பிறகு ஏன் மெக்னீசியம் மட்டும் குறைகிறது?

காரணம் பூக்கால உரமாக இருக்கலாம். மொட்டு வந்ததும் பொட்டாசியம் தூக்கலான உரத்துக்கு மாறுவது எல்லோரும் செய்வது, காய் பிடிக்க அது தேவை. ஆனால் பொட்டாசியமும் கால்சியமும் மிகுந்த கரைசலில் வேர் அவற்றையே முந்தி எடுத்துக்கொள்ளும், மெக்னீசியம் பின்தங்கிவிடும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரிலிருந்தும் மெக்னீசியம் பெரிதாகக் கிடைத்துவிடாது. ஈசி மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், எந்த உப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. எண் சரியாக இருக்கிறதே என்று மீட்டரை நம்பி உட்கார்ந்தால் இலை போய்விடும்.

மார்ச் 7, சனி
வேரைப் பார்க்கும் நாள். மூடியைத் தூக்கினேன். வெள்ளை வேர், கொஞ்சம் உரக்கறை, வழவழப்பு இல்லை, நாற்றமும் இல்லை. வேர் அழுகினாலும் இலை மஞ்சளிக்கும் என்பதால் இதைத் தாண்டிப் போக முடியாது.

கவலை தருவது தண்ணீரின் சூடு. மதியம் 30 டிகிரி. குளிர்நாட்டுக் கையேடுகள் 20 டிகிரி என்கின்றன. இங்கே ஏர்கான் இல்லாமல் அது நடக்காது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் வேருக்கோ மூச்சு இன்னும் அதிகம் வேண்டும். பித்தியம் என்ற அழுகல் கிருமிக்கும் இந்த நிலை தோது. மீன்தொட்டிப் பம்பில் இரண்டாவது காற்றுக்கல் மாட்டினேன், வாளியைச் சுற்றி அலுமினியத் தாள் ஒட்டினேன். மூடியின் ஓட்டையைச் சுற்றி நுரைத்துண்டு அடைத்திருக்கிறேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட ஓர் இடுக்கு போதும், இந்த ஊரில் தண்ணீர் வாளி வைத்திருப்பவர்கள் இதில் அசட்டையாக இருக்கவே கூடாது.

மார்ச் 8, ஞாயிறு
எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட், லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையின் இரு பக்கமும் தெளித்தேன். விளக்கு அணைந்த பிறகு, பூவில் படாமல். வாளியின் 20 லிட்டருக்கு 5 கிராம் தனியாகக் கரைத்து ஊற்றினேன். எப்சம் உப்பில் பத்தில் ஒரு பங்குதான் மெக்னீசியம், ஆக லிட்டருக்குச் சுமார் 25 மில்லிகிராம் கூடும். அடர்த்தியான கால்சியம் நைட்ரேட் கரைசலோடு மட்டும் இதைச் சேர்க்கக்கூடாது, ஜிப்சமாக உறைந்து அடியில் படிந்துவிடும். உரம் ஏ, பி என்று இரண்டு புட்டியாக வருவதே அதற்காகத்தான்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "அரிசி கழுவின தண்ணிய ஊத்துப்பா, தேக்கா மார்க்கெட்ல வாங்கின கறிவேப்பில அதுலதானே தழைச்சுது?" தொட்டி மண்ணுக்கு அது நல்லதுதான், அதைச் செரிக்க மண்ணில் நுண்ணுயிர் உண்டு. வாளித் தண்ணீரில் மாவுச்சத்து விழுந்தால் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைக் குடித்துவிடும். சொன்னதும் புரிந்துகொண்டார். கறிவேப்பிலைக்கே ஊற்றிவிட்டு வந்தார்.

மார்ச் 13, வெள்ளி
இப்போது சின்னச் செடி. இதில் கீழ் இலைகள் நல்ல பச்சை, கொழுந்து வெளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. பெரிய செடிக்கு நேர்மாறு, ஆக இங்கே சந்தேகம் இரும்பின் மேல். அதே எப்சம் உப்பை இங்கே கொட்டினால் ஒரு பயனும் இல்லை.

இதன் வாளியில் பிஎச் 7.3 காட்டியது. செடி நைட்ரேட்டை வேகமாக உறிஞ்சும்போது வேர் காரத்தை வெளியே விடும், கரைசலின் பிஎச் ஏறும். போதாததற்கு, வற்றிய அளவுக்கு நிரப்பும் குழாய்த் தண்ணீரே 8க்குப் பக்கத்தில் இருக்கும். உரத்தில் இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைப்பது ஈடிடிஏ என்ற பொருள்; பிஎச் 6.5ஐத் தாண்டினால் அது பிடிவிட்டு இரும்பு படிந்துவிடும். இரும்புச்சத்து வாளிக்குள்தான் இருக்கிறது, வேருக்குத்தான் எட்டவில்லை. பாஸ்பாரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு, கலக்கி, காத்திருந்து 5.9க்குக் கொண்டுவந்தேன். எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) பிஎச்சை இறக்கும், ஆனால் நுண்ணுயிர் அதைத் தின்றுவிடுவதால் பிஎச் திரும்ப ஏறிவிடும். இந்த வாளிக்கு அடுத்த முறை டிடிபிஏ என்ற வேறு பொருள் பிடித்து வைக்கும் இரும்பு வாங்கலாம், அது பிஎச் 7 வரை தாங்கும்.

மார்ச் 20, வெள்ளி
சின்னச் செடியின் புதுக்கொழுந்து பச்சையாகவே விரிகிறது. பெரிய செடியில் மஞ்சள் மேலே ஏறவில்லை, நடு இலைகள் தப்பித்தன. அடியில் முழுக்க வெளுத்தவை இனிப் பச்சையாகாது. அவற்றைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடக்கூடாது, அடுத்து வரும் இலைகள்தான் சாட்சி. காய்ந்தவற்றை மட்டும் கிள்ளினேன்.

வீட்டுக்குள் தேனீ ஏது? காலையில் மெல்லிய தூரிகையால் பூக்களைத் தடவிவிடுகிறேன். மூன்று பூவில் இதழ் உதிர்ந்து பிஞ்சு தெரிகிறது. நாளை இரண்டு வாளியிலும் கரைசலை மாற்றப்போகிறேன், பெரிய செடிக்கு மெக்னீசியம் சேர்த்தே கலக்க வேண்டும். பழைய கரைசலை நீர்த்து, தாழ்வாரத்துப் பூந்தொட்டிகளுக்கு ஊற்றிவிடலாம்.