மயக்கத்துக்கு மாத்திரை: யாருக்கு, எது, எப்போது

ஊசியைக் கண்டாலோ, வெக்கையில் நெடுநேரம் வரிசையில் நின்றாலோ கண் இருட்டிக் கீழே விழுகிற எல்லோருக்கும் இதயத்திலோ மூளையிலோ நோய் இருக்க வேண்டும் என்பதில்லை. நிற்கும்போது கால்களில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ள, நரம்புகள் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவைக்கின்றன. என்னைப் போன்ற சிலருக்கு அந்தக் கட்டளை திடீரென அறுந்துபோகிறது. அதே வேளையில் மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பையும் தணித்துவிட, மூளைக்குப் போகும் இரத்தம் சில நொடிகள் குறைந்து ஆள் சரிகிறார். அப்போது கைகால் லேசாக வெட்டினால் வலிப்பு என்று முடிவுகட்டி இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதற்கு நம் ஊரில் எப்போதும் யாராவது இருப்பார்கள்.

முதல் சிகிச்சை தண்ணீரும் உப்பும்தான். இரத்தக் கொதிப்பு இல்லாதவர்கள் நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் நீர் குடிப்பதும், கண் மங்கத் தொடங்கியதுமே கால்களைப் பின்னித் தொடையையும் வயிற்றையும் இறுக்குவதும் பலருக்குப் போதும். அதற்கும் அடங்காமல் மீண்டும் மீண்டும் விழுந்தால்தான் மாத்திரையைப் பற்றிய பேச்சே எழ வேண்டும்.

இதயத்தின் மீது அட்ரினலின் செலுத்தும் வேகத்தைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை நெடுங்காலம் எழுதிக்கொடுத்தார்கள். கனடாவின் கால்கரியைச் சேர்ந்த ராபர்ட் ஷெல்டன் குழுவினர் 208 பேரிடம் அவ்வகை மருந்தான மெட்டோப்ரோலாலைச் சோதித்து 2006இல் வெளியிட்ட முடிவில், அதற்கும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கும் வேறுபாடு தென்படவில்லை. உடலில் உப்பையும் நீரையும் நிறுத்திவைக்கும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோனை 2016இல் அதே குழு ஆராய்ந்தபோது பலன் தெரிந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பொட்டாசியம் குறையக்கூடும் என்பதால் அதை எடுப்பவர்கள் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

மிடோட்ரின் வேறு வகை. அது இரத்தக் குழாய்களை நேரடியாகச் சுருக்குகிறது. 133 பேரிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், ஓராண்டுக்குள் மயங்கி விழுந்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 61 விழுக்காடு, மிடோட்ரின் எடுத்தவர்களில் 42 விழுக்காடு. பெரிய வேறுபாடுதான், ஆனாலும் முழு விடுதலை அல்ல. மாத்திரை போட்ட சற்று நேரத்தில் உச்சந்தலை அரிக்கும், குளிரே இல்லாமல் கையில் மயிர்க்கூச்செறியும். எனக்கு மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இதில் நேரம்தான் முக்கியம். சில மணி நேரமே நிற்கும் மருந்து என்பதால் நாளுக்கு மூன்று வேளை போட வேண்டும். படுத்தால் இரத்த அழுத்தம் எகிறும் என்பதால் கடைசி வேளைக்கும் படுக்கைக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை நான் கைவிட்டது இதனால்தான் (வருத்தம் இல்லாமல் இல்லை). இரத்தக் கொதிப்போ, தீவிர இதய நோயோ, சிறுநீர் அடைப்போ உள்ளவர்களுக்கு இது ஆகாது. ஓடும்போதோ, படுத்திருக்கும்போதோ மயங்குகிறவர்களும், இளவயதில் திடீரென இறந்த உறவினர் உள்ளவர்களும் இந்த மாத்திரைகளைப் பற்றி யோசிக்கும் முன்பே ஈசிஜி எடுத்து இதய மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.