அப்போஸ்டில் எதற்குச் சான்று?

வெளிநாட்டு வேலைக்கும் மேற்படிப்புக்கும் ஆவணங்களைத் தயார் செய்யும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன். பட்டம், பிறப்பு, திருமணம் தொடர்பான பொது ஆவணங்களைப் பிற நாட்டு அலுவலகம் ஏற்பதற்கு, 1961 அக்டோபர் 5 அன்று தி ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையின்படி, அப்போஸ்டில் என்னும் ஒற்றைச் சான்று போதுமானது. ஆனால் இரு நாடுகளும் அதில் இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், உள்நாட்டு வெளியுறவுத் துறை, பிறகு செல்லும் நாட்டின் தூதரகம் என்ற பழைய நீண்ட வழிதான். சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் நடைமுறைக்குள் வந்தன என்பதால், பழைய அறிவுரைகளை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. அப்போஸ்டில் உறுதிசெய்வது கையொப்பத்தையும், ஒப்பமிட்டவரின் பதவியையும், முத்திரையையும் மட்டுமே. ஆவணத்தில் எழுதியிருப்பது உண்மை என்றோ, உங்கள் பட்டம் அங்குள்ள பட்டத்துக்கு இணையானது என்றோ அது சொல்வதில்லை. பட்டத்தின் தகுதியை மதிப்பிடுவது முற்றிலும் வேறு வேலை, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். (முகவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசிக் கட்டணம் கேட்பது எனக்கு உவப்பாக இல்லை.)

எந்த நாடு ஆவணத்தை வழங்கியதோ அந்த நாடுதான் அப்போஸ்டிலும் தர முடியும். நீங்கள் இப்போது எங்கே வசிக்கிறீர்கள் என்பது பொருட்டல்ல. மூல ஆவணத்துக்கா நகலுக்கா, மொழிபெயர்ப்பு அப்போஸ்டிலுக்கு முன்பா பின்பா என்பதை, ஆவணத்தைக் கேட்கும் நிறுவனத்திடமே எழுத்து வடிவில் கேட்டுப் பெற்ற பிறகு கட்டணம் செலுத்துங்கள்.