பாட்டி வீட்டுக்கு வந்த நற்கருணை

சர்ச்சில் பூசை முடிந்த கையோடு எதிர்வீட்டுப் பாட்டிக்கு நற்கருணை, அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பம், கொண்டுவந்திருந்தார்கள். படுத்த படுக்கையாக இருக்கிறார். ஸ்டூலில் வெள்ளைத் துணி, ஒரு மெழுகுதிரி. கழுத்தில் தொங்கிய சின்னப் பையிலிருந்து மூடி போட்ட வட்ட டப்பா ஒன்றை எடுத்தார் அந்த சிஸ்டர்.

இந்த வழக்கம் எவ்வளவு பழசு தெரியுமா?

சுமார் கி.பி. 155இல் ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், ரோமப் பேரரசர் அந்தோனினஸ் பயஸுக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதிய விளக்கத்திலேயே இது வந்துவிடுகிறது. ஞாயிறன்று நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் இருப்பவர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள், நேரம் இருக்கும் வரை வாசிப்பார்கள், தலைவர் பேசுவார், எல்லோரும் எழுந்து நின்று ஜெபிப்பார்கள், அப்புறம் அப்பமும் திராட்சை ரசமும் தண்ணீரும் வரும், வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் (வழிபாட்டில் உதவும் பணியாளர்கள்) கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. தலைவர் தன்னால் இயன்ற அளவு நன்றி சொல்வாராம். அவர் கையில் புத்தகம் இருந்ததாகவே தெரியவில்லை. அவர் சொல்லி முடித்ததும் மக்கள் 'ஆமென்' போட்டால் சரி.

காணிக்கையும் உண்டு, கட்டாயம் இல்லை. வசதி உள்ளவர்கள் விருப்பப்பட்டதைக் கொடுக்க, அது அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் கிடப்பவர்களுக்கும் வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்களுக்கும் போனதாம்.

கட்டட நிதி பற்றி ஒரு வார்த்தை இல்லை!