தொலைக்காட்சி வினாடி வினாவில் கோபால் (COBOL) என்ற கணினி மொழி: காரைக்குடியிலிருந்து போய்வந்த கதை

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். அப்பச்சி (என் அப்பா) டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாகத் தொடங்கிய இடம் அது. நான் வந்த பிறகு கோபால், சி, ஜாவா என்று கணினி மொழிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது வருகிறவர்களில் பெரும்பாலோர் பிளஸ் டூ பிள்ளைகள், அவர்கள் பாடத்தில் இருக்கிற பைத்தானுக்காக வருகிறார்கள். ஒரு தனியார் சேனலின் வினாடி வினாவில் நான் கலந்துகொண்டதைப் பார்த்தவர்கள், எப்படித் தேர்வானீர்கள், உள்ளே என்ன நடக்கும் என்று இன்னமும் கேட்கிறார்கள். அதோடு, ஒளிபரப்பில் வராமல் போன ஒரு விஷயமும் இருக்கிறது. இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பதிவு செய்வது எளிது. திரையில் ஒரு கேள்வி வரும், போனிலிருந்து விடை அனுப்ப வேண்டும். சரியாகச் சொன்னவர்களில் யாரைக் கூப்பிடுவது என்பதைக் கணினி குலுக்கலாகத் தேர்ந்தெடுக்கிறது. அந்தக் கட்டத்தில் விடாமல் அனுப்புவது மட்டுமே நம் கையில் இருக்கிறது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுத்துப் பேசுங்கள். ஆனால் பதிவுக் கட்டணம், வரி முன்பணம் என்று யாராவது காசு கட்டச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள், அது மோசடி. இந்த மாதிரி நிகழ்ச்சிகளின் பெயரைச் சொல்லிப் பணம் பறிப்பது நாடு முழுக்க நடக்கிறது.

அடுத்து மதுரையில் நேர்காணல். முதலில் ஒரு எழுத்துத் தேர்வு, பிறகு கேமரா முன்னால் பேச்சு. எழுத்துத் தேர்வுக்கு நாளிதழை ஒழுங்காகப் படிக்கிற பழக்கம் போதும். கேமரா முன்னால் அவர்கள் தேடுவது வேறு: இந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்தால் பார்க்கிறவர்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்குமா என்பது. "செட்டிநாடுன்னா சாப்பாட்டைப் பத்திப் பேசலாமே மேடம்" என்றார் அங்கிருந்த தம்பி. பேசலாம்தான். ஆனால் எங்கள் ஊருக்குக் கணக்கு என்று இன்னொரு முகம் இருக்கிறது. எங்கள் ஐயா (தாத்தா) ரங்கூன் மொகல் தெருவில், செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த கிட்டங்கியில், ஏஜெண்டுக்கு உதவியாக இருக்கும் அடுத்தாளாக வேலை பார்த்தவர். சிட்டை (அன்றாடக் கணக்கு), பேரேடு (தனித்தனிக் கணக்கு), ஐந்தொகை (எல்லாவற்றையும் கூட்டிச் சரிபார்க்கும் இருப்புக் கணக்கு) என்று பைசா பிசகாமல் எழுதிப் பழகிய கை அவருடையது. அந்த வீட்டுப் பேத்தி கணக்குக்காகவே உருவான ஒரு கணினி மொழியைப் படித்து, அதைச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள் என்றேன். அந்தத் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அழைப்பு வந்தது அதனால்தான் என்று நம்புகிறேன். போகிறவர்கள் உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள். அதில்தான் குரல் தடுமாறாது.

படப்பிடிப்புக்குப் பல்லவன் ரயிலில் சென்னை போனேன். ஆதார், பான் கார்டு, வங்கிப் பாஸ்புக் நகல் எல்லாம் கேட்டார்கள். பொடிக் கட்டமும் நெருக்கமான கோடும் கேமராவில் அலைபாயும் என்பதால் அப்படிப்பட்ட துணி கூடாது. கண்டாங்கிச் சேலை எடுத்துப் போகிறவர்கள் கட்டம் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஒளிபரப்பாகும் வரை முடிவை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்குவார்கள். அரங்கத்தில் ஏசி கடுமையாக இருக்கும், காத்திருப்பும் அதிகம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் மாத்திரை போடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். நாற்காலிக்கு யார் போவது என்பதை முடிவு செய்ய, நான்கு விடைகளை வேகமாக வரிசைப்படுத்தும் சுற்று ஒன்று உண்டு. 'இந்தக் கணினி மொழிகளைப் பழையதிலிருந்து புதியதாக வரிசைப்படுத்துங்கள்' என்று திரையில் வந்தது. ஏ: ஜாவா, பி: கோபால், சி: பேசிக், டி: சி. கவனித்தீர்களா, சி என்ற மொழி டி என்ற பொத்தானில் இருக்கிறது, சி என்ற பொத்தானில் பேசிக் இருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்களில் சிலர் அங்கேதான் நின்றுவிட்டார்கள்.

நான் ஆண்டுகளை நினைக்கவில்லை. ஒவ்வொரு மொழியும் யாருக்காக வந்தது என்பது எனக்குத் தெரியும், வரிசை அதிலேயே இருக்கிறது. கணினி ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டு, அரசாங்கத்திடமும் பெரிய கம்பெனிகளிடமும் மட்டும் இருந்த காலத்தில், கம்பெனிக்குக் கம்பெனி மாறாத ஒரு கணக்கு மொழி வேண்டும் என்று 1959-ல் அவர்கள் கூடித் தொடங்கியது கோபால். கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் முன்பே உருவாக்கிய ஃபுளோமேட்டிக் என்ற மொழி அதற்கு அடித்தளம். அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைத் தொடட்டும் என்று டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் 1964-ல் கொண்டுவந்தது பேசிக். பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதுவதற்காக டென்னிஸ் ரிச்சி 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கியது சி. இணையம் வீடுகளுக்குள் வரத் தொடங்கிய 1995-ல் வெளிவந்தது ஜாவா. கம்பெனி, கல்லூரி, ஆய்வகம், வீடு: பி, சி, டி, ஏ. அழுத்திவிட்டேன். பெயரைக் கூப்பிட்டார்கள்.

நாற்காலிக்குப் போன பிறகு நடந்தது மற்ற எல்லாருக்கும் நடப்பதுதான். சில கேள்விகளுக்கு விடை சொன்னேன், விளையாட்டுக் கேள்வி ஒன்றில் விலகிக்கொண்டேன். பரிசுப் பணத்தில் 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அந்த வரியின்மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி சேரும். உங்கள் மற்ற வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இதற்கு விலக்கு வரம்பு கிடையாது, ரயில் செலவைக்கூடக் கழிக்க முடியாது. வரி பிடித்த சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

வராமல் போன விஷயம் இதுதான். நிகழ்ச்சியை நடத்தியவர், "அவ்வளவு பழைய மொழியை இப்ப யாரும்மா பயன்படுத்துறாங்க?" என்று கோபாலைப் பற்றி அக்கறையாகக் கேட்டார். நானும் நிதானமாகச் சொன்னேன். ஒளிபரப்பில் அந்தப் பகுதியே இல்லை. நேரம் போதாமல் வெட்டியிருக்கலாம், ஆனாலும் எனக்கு அது பெரிய வருத்தம், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

நான் சொன்னது இது: உலகத்தில் பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இன்றும் கோபாலில் எழுதிய நிரல்களை ஓட்டுகின்றன. மாற்றுவதற்குச் செலவாகும், ஆபத்தும் உண்டு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்குப் பிடித்தது. சாதாரணமாகக் கணினி, பின்ன எண்களை இரண்டின் அடுக்குகளாக உடைத்து வைத்துக்கொள்கிறது. பத்தில் ஒன்றை அப்படி முழுமையாக உடைக்க முடியாது. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். ராக்கெட் பாதைக்கு அது பரவாயில்லை, வட்டிக் கணக்குக்கு ஆகாது. கோபாலில் ரூபாய்க்கு இத்தனை இலக்கம், பைசாவுக்கு இரண்டு இலக்கம் என்று முதலிலேயே இடம் வகுத்துவிடுவோம். அது பத்தின் கணக்கிலேயே கூட்டும், கழிக்கும். பேரேட்டில் ரூபாய்க்கு ஒரு பத்தி, பைசாவுக்கு ஒரு பத்தி என்று கோடு கிழித்து எழுதுவது போலத்தான். ஐந்தொகை போட்டால் நேராக வந்து நிற்கும்.

ஒளிபரப்பான மறுநாள் மாலை பேட்சில் இதைத்தான் பாடமாக எடுத்தேன். தேவகோட்டையிலிருந்து வருகிற ஒரு பெண், "அப்படின்னா பைத்தான்ல வட்டிக் கணக்கே போட முடியாதா டீச்சர்?" என்று கேட்டாள். போடலாம். பைத்தானிலும் டெசிமல் என்று ஒரு மாட்யூல் (ஆயத்த நிரல் தொகுப்பு) இருக்கிறது, எண்களை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் பத்தின் கணக்கிலேயே கூட்டும். அவளே தட்டிப் பார்த்தாள், 0.3 என்று வந்தது. அப்புறம் மூன்று வருடக் கூட்டுவட்டியை இரண்டு விதமாகவும் போட்டு வித்தியாசம் வருகிறதா என்று பார்க்க வகுப்பே உட்கார்ந்துவிட்டது.