இமாம் புகாரீயின் முதல் ஹதீஸும் கடைசி ஹதீஸும்

ஹதீஸ்களை (நபிமொழிகளை) ஆய்ந்து தொகுத்த இமாம் புகாரீ (ரஹ்) அவர்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவர்களுடைய நினைவாற்றலையே வியந்து பேசுகிறார்கள். பக்தாதில் நூறு ஹதீஸ்களின் ஸனதுகளை (அறிவிப்பாளர் தொடர்களை) மாற்றிப்போட்டு அவர்களைச் சோதித்த செய்தி நம் மேடைகளில் அடிக்கடி ஒலிப்பது. அதைவிட, எதை ஏற்பது என்பதில் அவர்கள் காட்டிய துணிவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஹிஜ்ரி 194இல் (கி.பி. 810) புகாராவில் பிறந்த அவர்கள், சிறு வயதிலேயே தந்தையை இழந்து தாயின் அரவணைப்பில் வளர்ந்தார்கள். சுமார் பதினாறு வயதில் தாயுடனும் சகோதரருடனும் ஹஜ்ஜுக்குச் சென்று, அவ்விருவரும் ஊர் திரும்பிய பிறகும் ஹதீஸ் கல்விக்காக அங்கேயே தங்கிவிட்டார்கள். பின்னாளில், ஸஹீஹான (ஆதாரபூர்வமான) ஹதீஸ்களை மட்டும் திரட்டிச் சுருக்கமான நூலொன்றை யாராவது தொகுக்கக் கூடாதா என்று ஆசிரியர் இஸ்ஹாக் பின் ராஹவைஹி (ரஹ்) அவர்களின் அவையில் எழுந்த பேச்சே, 'ஸஹீஹுல் புகாரீ' என்ற நூலுக்கான 16 ஆண்டு உழைப்புக்கு வித்தானது.

அந்நூலின் முதல் ஹதீஸ், 'செயல்கள் எல்லாம் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன' என்பது. அதன் ஸனதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களிடமிருந்து உமர் (ரலி), அவர்களிடமிருந்து அல்கமா பின் வக்காஸ், அவரிடமிருந்து முஹம்மத் பின் இப்ராஹீம், அவரிடமிருந்து யஹ்யா பின் ஸயீத் என்று, ஆதாரபூர்வமான வழியில் ஒவ்வொரு படியிலும் ஒருவர் மட்டுமே அதைச் சுமந்து வருகிறார். யஹ்யாவுக்குப் பிறகுதான் அது பெருங்கூட்டத்தின் கைக்குப் போகிறது. நாவுக்கு இலகுவான, தராசில் கனமான இரு வாக்கியங்களைச் சொல்லும் கடைசி ஹதீஸும், அபூஹுரைரா (ரலி) அவர்களில் தொடங்கி, இப்படி ஒற்றையாட்களின் வழியாகவே வந்து சேர்கிறது. எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணிக்கொண்டிராமல், சொன்னவர் எத்தகையவர், தமக்கு முந்தையவரை நேரில் சந்தித்தவரா என்று துருவிப் பார்த்து, தேறியவரை ஒற்றை ஆளாக இருந்தாலும் நூலின் முகப்பிலேயே இடம்பெறச் செய்த அந்த உறுதி என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

இந்த உறுதிக்கு அவர்கள் விலையும் கொடுத்தார்கள். அரண்மனைக்கு வந்து தம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்படி புகாராவின் ஆளுநர் கேட்டபோது, கல்வியை வாசல் வாசலாகக் கொண்டு செல்ல மாட்டேன் என்று மறுத்து, அதனால் சொந்த ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. ஹிஜ்ரி 256இல், நோன்புப் பெருநாள் இரவில், சமர்கந்தை அடுத்த கர்தங் என்ற சிற்றூரில் வஃபாத்தானார்கள் (மறைந்தார்கள்).

அவர்கள் அமைத்துக் கொடுத்த அளவுகோல் அவர்களுடைய நூலையும் விட்டுவைக்கவில்லை. பின்னர் வந்த ஹதீஸ் அறிஞர் இமாம் தாரகுத்னீ (ரஹ்) அதிலுள்ள சில ஸனதுகளை விமர்சித்தார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து, மற்றொரு ஹதீஸ் அறிஞரான இப்னு ஹஜர் (ரஹ்) அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விடையளித்தார்கள். இருவரும் வாதிட்டது, இமாமவர்கள் கற்பித்த அதே முறையில்தான்.